எலியின் நடையும் மூளைத்தண்டின் செரட்டோனினும்

(மாத்தளையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எலியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் மாத்தளைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எலிக்காய்ச்சல்தான். 2008இல் அது இலங்கையை உலுக்கியபோது கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் இதுவும் ஒன்று. வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு அந்த அச்சம் இன்றும் போகவில்லை. நான் பேச வந்த எலி வேறு. தலைமுறை தலைமுறையாக ஆய்வுகூடத்திலேயே பிறந்து வளர்கிற வெள்ளை எலி அது. அதன் மூளைத்தண்டில் செரட்டோனின் என்ற இரசாயனம் எந்த வாங்கியில் போய் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து அந்த எலி நடக்கிறது, நிற்கிறது, நடுங்குகிறது, அசையாமல் உறைந்தும் போகிறது. இந்த ஒன்றை விளங்கிக்கொள்ள எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் தேடலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

செரட்டோனின் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாரப் பத்திரிகைகள் அதை மகிழ்ச்சி தரும் இரசாயனம் என்று எழுதுகின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் அதோடு தொடர்புள்ளவை. இதனால், செரட்டோனின் கூடினால் மனம் மகிழும், குறைந்தால் வாடும் என்ற ஒரு கணக்கு பலருடைய மனதில் பதிந்துவிட்டது. உடற்றொழிலியல் படித்த எவருக்கும் அந்தக் கணக்கு நிம்மதி தராது. ஓர் இரசாயனம் தன்னளவில் எதையும் செய்வதில்லை. எந்த இடத்தில், எந்த வாங்கியில், எந்த வேளையில் என்ற மூன்றையும் சொல்லாவிட்டால் "செரட்டோனின் இதைச் செய்கிறது" என்ற வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. இதை மனநிலையில் காட்டுவது கடினம். எலியின் மனத்தை அளக்க நம்மிடம் கருவி ஏது? அதன் நடையை அளக்கலாம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களில் இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடற்சுவரின் கலங்களில் ஒரு பொருளைக் கண்டு அதற்கு என்டெரமின் என்று பெயரிட்டார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மொரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், ஏர்வின் பேஜ் ஆகிய மூவரும் மாட்டுக் குருதியிலிருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் செரட்டோனின். இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெரிந்தது. உடலிலுள்ள செரட்டோனினில் 90 வீதத்துக்கும் மேற்பட்டது குடலில்தான் இருக்கிறது. அது மூளையிலும் உண்டு என்பதை 1953இல் காட்டியவர் பெட்டி ட்வாரொக் என்ற இளம் பெண் ஆய்வாளர். குடலுக்கும் குருதிக்கும் உரிய பொருளுக்கு மூளையில் என்ன வேலை என்று கேட்டவர்கள் அப்போது பலர் இருந்தார்கள்.

மூளையில் அது எங்கே இருக்கிறது என்பதற்கான வரைபடம் 1964இல் கிடைத்தது. சுவீடனில் அனிகா டால்ஸ்ட்ரோமும் ஷெல் ஃபுக்ஸும் எலியின் மூளையைப் போமல்டிகைட்டு ஆவியில் வைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். செரட்டோனின் உள்ள கலங்கள் மஞ்சளாக ஒளிர்ந்தன. அந்த மஞ்சள் புள்ளிகள் பெரும்பாலும் மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டியே இருந்தன. அவற்றை ஒன்பது கூட்டங்களாகப் பிரித்து பி1 முதல் பி9 வரை இலக்கமிட்டார்கள். ரஃபே கருக்கள் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். எலியின் மூளையில் ஏறத்தாழ 20 கோடி நரம்புக்கலங்கள் உண்டு. அவற்றில் செரட்டோனின் உண்டாக்குபவை சில பத்தாயிரங்கள் மட்டுமே. அத்தனை சிறிய கூட்டம் மூளை முழுவதற்கும் முண்ணாண் முழுவதற்கும் நார்களை அனுப்புகிறது. தண்டின் மேற்பகுதியில் உள்ள கருக்கள் முன்மூளையை நோக்கிப் போகின்றன. கீழ்ப்பகுதியில், நீள்வளைய மையவிழையத்தில் உள்ளவை முண்ணாணுக்குள் இறங்கித் தசைகளை இயக்கும் நரம்புக்கலங்களைத் தொடுகின்றன. இந்தக் கீழ்நோக்கிய பாதையைப் பற்றி மகிழ்ச்சி இரசாயனக் கட்டுரைகள் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

இனி எலியிடம் வருவோம். 1971இல் பிரித்தானியாவின் டேவிட் கிரஹாம்-ஸ்மித், செரட்டோனின் உருவாகத் தேவையான டிரிப்டோபனையும், செரட்டோனின் சிதையாமல் தடுக்கும் மருந்தொன்றையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார். மூளையில் செரட்டோனின் பெருகியது. எலிகள் மகிழ்ந்தனவா என்பதை நான் அறியேன். அவற்றின் உடல் என்ன செய்தது என்பது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. முன்னங்கால்களால் ஒரே இடத்தில் மாறி மாறி மிதித்தன. பின்னங்கால்கள் அகல விரிந்தன. தலை பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. வால் விறைத்து நிமிர்ந்தது. உடல் நடுங்கியது, வெப்பம் ஏறியது. இவை அனைத்தும் சேர்ந்து வரும் தொகுதியைச் செரட்டோனின் நோய்க்குறித்தொகுதி என்கிறோம்.

இந்த அசைவுகளுக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது? 1975இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த பெரி ஜேக்கப்ஸும் ஹாரி கிளெம்ஃபஸும் இதை நேரடியாகவே சோதித்தார்கள். முன்மூளையை மூளைத்தண்டிலிருந்து துண்டித்த எலிகளிலும் அந்த அசைவுகளில் பெரும்பாலானவை தோன்றின. சிந்திக்கும் மூளை, உணரும் மூளை என்று நாம் போற்றுகிற பகுதிகள் இல்லாமலேயே மிதித்தலும் நடுக்கமும் தலையாட்டலும் நிகழ்ந்தன. அவற்றை எழுப்பும் வாங்கிகள் மூளைத்தண்டிலும் முண்ணாணிலும்தான் இருந்தன. உயிரோடிருந்த ஒரு பிராணியின் மூளையை வெட்டிப் பெற்ற அறிவு இது. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அந்த உயிர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை மாணவர்கள் பாடத்தோடு சேர்த்தே கற்க வேண்டும்.

இது எலியோடு நிற்கும் விடயமும் அன்று. 1960இலேயே அமெரிக்காவில் உயர் குருதியமுக்க நோயாளிகளுக்கு இதே வகை இரு பொருள்களைச் சேர்த்துக் கொடுத்தபோது நடுக்கமும் தசைத் துடிப்பும் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். இன்று மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் முதுகுவலிக்காக டிரமடோலும் சேர்த்து விழுங்கினால், அல்லது டெக்ஸ்ட்ரோமெத்தோர்பன் கலந்த இருமல் பாணியைக் குடித்தால், அரிதாக இதே நிலை வரலாம். பாதத்தை மேல்நோக்கிச் சட்டென்று மடக்கிப் பிடித்தால் கணுக்கால் நிற்காமல் தாளமாகத் துடிக்கும். குளோனஸ் என்று இதற்குப் பெயர். கையைவிடக் காலில்தான் இது அதிகம். 2003இல் வகுக்கப்பட்ட ஹன்டர் அளவுகோல்கள் இந்த அறிகுறிக்குத்தான் முதலிடம் தருகின்றன. ஒரு டிஸ்பென்சரியில் மனநல மாத்திரை, இன்னொரு பாமசியில் வலி மாத்திரை என்று வாங்கும் வழக்கம் நம் தோட்டங்களிலும் டவுனிலும் நிறைய உண்டு. நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் ஒரே வைத்தியரிடம் காட்டுங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சரி, செரட்டோனின் தசையை நேரே தூண்டுகிறதா? இதற்கு 1979இல் ரொபர்ட் மெக்கால், ஜோர்ஜ் அகஜானியன் இருவரும் எலியின் மூளைத்தண்டில் விடை கண்டார்கள். முகத் தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் மீது நுண்ணிய கண்ணாடிக் குழாய் வழியே செரட்டோனினைச் செலுத்தினார்கள். கலங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு மின்துடிப்புகூட எழவில்லை. குளுட்டமேற்று என்ற தூண்டற்பொருளைச் சிறிதளவு கொடுத்துக் கலத்தைத் தூண்டிக்கொண்டே செரட்டோனினையும் கொடுத்தபோது, துடிப்பு பலமடங்கு பெருகியது. நம் மலையகத்தில் தப்படிக்கிறவர் முதலில் வைக்கோல் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார். தீ தப்பை அடிப்பதில்லை. ஆனால் காய்ச்சிய தோலில் விழும் குச்சியின் ஓசை மலை தாண்டிக் கேட்கும். செரட்டோனின் இயக்க நரம்புக்கலத்துக்குச் செய்வது அதுதான். பெரும்பாலும் 5-எச்டி2 என்ற வகைச் செரட்டோனின் வாங்கிகள் வழியே கலத்தின் பொட்டாசியக் கசிவைக் குறைத்து, வரும் கட்டளைக்கு உடனே விடையளிக்கும் நிலையில் அதை வைக்கிறது.

எல்கடுவைச் சரிவில் கொழுந்துக் கூடையோடு இறங்கும் ஒரு பெண்ணின் கால்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு அடியையும் அவர் யோசித்து வைப்பதில்லை. முண்ணாணிலுள்ள நடைச் சுற்றுகள் அதைத் தாமாகவே செய்கின்றன. பிறந்து சில நாளேயான எலியின் முண்ணாணைத் தனியே எடுத்து ஊட்டத் திரவத்தில் வைத்து, செரட்டோனினையும் குளுட்டமேற்று வகைப் பொருளொன்றையும் சேர்த்தால், கால்களே இல்லாத அந்த நரம்புத் துண்டில் இடம், வலம் என்று மாறிமாறி நடையின் தாளம் எழுகிறது. ஜேக்கப்ஸ் பூனைகளில் செய்த பதிவுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. விழித்திருக்கும் பூனையின் ரஃபே கலங்கள் வினாடிக்கு ஒருசில தடவை கடிகாரம்போல் சீராகத் துடிக்கும். அது நடந்தால், மென்றால், நக்கினால் அவற்றில் பல வேகம் கூடும். கனவு காணும் தூக்கத்தில், தசைகள் தளர்ந்திருக்கும்போது, ஏறத்தாழ மௌனமாகிவிடும்.

இதுவரை கேட்டவர்கள், செரட்டோனின் அசைவைக் கூட்டும் பொருள் என்று முடிவு கட்டிவிடலாம். அங்கேதான் மூளைத்தண்டின் மேற்பகுதி குறுக்கிடுகிறது.

செரட்டோனினுக்கு ஏழு குடும்பங்களாகப் பதினான்கு வரையான வாங்கி வகைகள் உண்டு. அவற்றுள் 5-எச்டி1ஏ என்பது விசேடமானது. ரஃபே கலங்கள் தம் உடலின் மீதே இதைத் தாங்கியிருக்கின்றன. தாம் சுரந்த செரட்டோனின் இதில் ஒட்டினால் பொட்டாசியக் கால்வாய்கள் திறந்து கலம் அடங்கிவிடும். தன் வேகத்துக்குத் தானே கடிவாளம் போடும் ஏற்பாடு இது. 1980களின் தொடக்கத்தில் இந்த வாங்கியை மட்டும் தேர்ந்து தூண்டும் 8-ஓஎச்-டிபிஏடி என்ற பொருள் சுவீடனில் உருவானது. அதன் பிறகு ஆய்வாளர்கள் மூளைத்தண்டின் ஒவ்வொரு கருவையும் தனித்தனியே கேள்வி கேட்க முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை 1995இல் மாரி-லூயிஸ் வாடன்பெர்க், விவேகா ஹில்லகார்ட் இருவரும் செய்தது. ராக்லோபிரைட் என்ற மருந்து, டோபமீன் என்ற இன்னொரு மூளை இரசாயனத்தின் வாங்கிகளை அடைக்கும். அதைப் பெற்ற எலி கட்டலெப்சி என்ற நிலைக்குப் போகும். எந்த அசாதாரண நிலையில் வைத்தாலும் அப்படியே கல்லாய் நிற்கும். அப்போது 8-ஓஎச்-டிபிஏடியை மிக நுண்ணிய அளவில் மூளைத்தண்டின் நடு ரஃபே கருவில் இட்டார்கள். உறைந்த எலி அசைந்தது. ஒருசில மில்லிமீட்டர் தள்ளியுள்ள முதுகு ரஃபே கருவில் அதே பொருளை இட்டபோது எலி உறைந்தபடியே நின்றது. பொருள் ஒன்று, வாங்கி ஒன்று, எலியும் அதே இனம். இடம் மட்டும்தான் வேறு. நடு ரஃபேயின் செரட்டோனின் கலங்கள் அசைவைப் பிடித்து வைத்திருந்தன, அவற்றை அடக்கியதும் பிடி தளர்ந்தது என்பதே இதற்கு நேரான விளக்கம். நடு ரஃபேயைச் சிதைத்த எலிகள் ஓயாமல் ஓடித் திரிந்ததாக அதற்கு முன்பே பல ஆய்வுகள் கண்டிருந்தன.

5-எச்டி2சி வாங்கியைத் தூண்டினாலும் எலியின் நடமாட்டம் குறைகிறது. அதே வாங்கி முண்ணாண் அறுபட்ட எலியில் வேறு முகம் காட்டுகிறது. மூளைத்தண்டிலிருந்து வரும் செரட்டோனின் நின்றுபோன பிறகு, 5-எச்டி2சி வாங்கிகள் செரட்டோனின் இல்லாமலேயே தாமாக இயங்கத் தொடங்குகின்றன என்று கனடாவில் நடந்த ஆய்வொன்று 2010இல் காட்டியது. கால்கள் ஓரளவு நடையை மீட்பதும் அதனால்தான், தசைகள் இசிவில் இறுகுவதும் அதனால்தான். விபத்தில் முதுகெலும்பு உடைந்தவரின் கால் ஏன் தானாக வெட்டி இழுக்கிறது என்று கேட்கும் குடும்பத்தாருக்குச் சொல்ல இப்போது நம்மிடம் ஒரு விடை இருக்கிறது.

இனி இந்தக் கதைக்குள் சென்னை வருகிறது. அதற்கு முன் கல்கத்தா. சர்ப்பகந்தி வேரை நம் வைத்தியம் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தது. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது குருதியமுக்கத்தைக் குறைப்பதையும் மனக்கலக்கத்தைத் தணிப்பதையும் எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீலின் கட்டுரை அதை உலகின் கவனத்துக்குக் கொண்டு சென்றது. 1952இல் சுவிற்சர்லாந்தின் பாசலில் அதன் வீரியப்பொருளான ரெசர்பீன் பிரித்தெடுக்கப்பட்டது. ரெசர்பீன் பெற்ற பிராணி அசையாமல் குன்றிப் போகும். 1955இல் பெர்னார்ட் பிரோடியின் குழு, ரெசர்பீன் மூளையின் செரட்டோனினை வடித்துவிடுவதைக் கண்டது. ஆகவே அசைவின்மைக்குச் செரட்டோனினே காரணம் என்று அவர்கள் நம்பினார்கள். 1957இல் ஆர்விட் கார்ல்சன் சுவீடனில் இதைச் சோதித்தார். ரெசர்பீனால் உறைந்த பிராணிகளுக்குச் செரட்டோனினின் முன்பொருளைக் கொடுத்தார், எழவில்லை. டோபமீனின் முன்பொருளான டோபாவைக் கொடுத்தார், சற்று நேரத்தில் நடமாடின. பார்கின்சன் நோய்க்கான எல்-டோபா சிகிச்சை இந்தப் பாதையில் பிறந்தது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த எல்-டோபா ஏற்கெனவே தமிழர் காலடியில் கிடந்தது. பூனைக்காலி என்ற கொடி வேலியில் படரும், தொட்டால் கை அரித்துப் புண்ணாகும். நம் சிங்கள அயலவர்கள் வந்துரு மே என்பது அதைத்தான். 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்இரசாயன ஆய்வுகூடத்தில் எம். தாமோதரனும் ஆர். இராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். கார்ல்சனுக்கு இருபது ஆண்டுகள் முன்பு. விதைக்குள் டோபா இருக்க, அரிக்கும் அந்தக் காய்ச்சுணையில் செரட்டோனினே இருப்பதை 1954இல் கண்டார்கள். தாமோதரன், இராமசுவாமி இருவரின் பெயர் நம் பாடநூல்களில் இல்லாதது எனக்கு வருத்தம். அதே வேளை ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூனைக்காலிப் பொடியில் டோபாவின் அளவு பொதிக்குப் பொதி மாறும். வைத்தியர் அளந்து கொடுத்த மாத்திரைக்கு மேலே அதையும் சேர்த்து உண்பது ஆபத்து.

எல்-டோபாவைச் சில ஆண்டுகள் எடுத்த பார்கின்சன் நோயாளிகள் பலருக்கு, மருந்து வேலை செய்யும் வேளையில் கை கால்கள் கட்டுப்பாடின்றி நெளியத் தொடங்கும். டிஸ்கைனீசியா என்பார்கள். வீட்டில் ஒருவருக்கு இது வந்திருந்தால் அதன் வேதனை உங்களுக்குத் தெரியும். இதன் வேர் எங்கே என்று சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் மனோலோ கார்ட்டா, அன்டர்ஸ் பியோர்க்லுண்ட் குழுவினர் எலியில் தேடினார்கள். ஒரு பக்க மூளையில் டோபமீன் நார்களை அழித்த எலிகள் அவை. எல்-டோபா கொடுத்தால் அவை முறுகி நெளியும். 2007இல் வந்த விடை வியக்க வைத்தது. ரஃபே கருவின் செரட்டோனின் கலங்களை அழித்ததும் அந்த நெளிவு அற்றுப் போயிற்று.

காரணம் இதுதான். டோபமீன் கலங்கள் இறந்த மூளையில் எல்-டோபாவை டோபமீனாக மாற்றும் நொதியம் செரட்டோனின் கலங்களில் மிஞ்சியிருக்கிறது. அவை டோபாவை உள்வாங்கி, டோபமீனாக்கி, தம் பைகளில் நிரப்பி வெளியேற்றுகின்றன. ஆனால் வெளியே எவ்வளவு டோபமீன் இருக்கிறது என்பதை அறியும் வாங்கி அவற்றில் இல்லை. மிஞ்சியதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் டோபமீன் கடத்தியும் இல்லை. ஒரு வேளைக்குப் பெருக்கு, மறு வேளைக்கு வறட்சி. உடல் நெளிகிறது. இங்கே மூளைத்தண்டின் 5-எச்டி1ஏ வாங்கி மீண்டும் வருகிறது. அதையும், நார் முனைகளிலுள்ள 5-எச்டி1பி வாங்கியையும் சிறு அளவில் ஒருங்கே தூண்டியபோது, கலங்களை அழிக்காமலே எலியின் நெளிவு ஏறக்குறைய முழுவதும் அடங்கியது.

எலியில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது மனிதரில் அப்படியே பலிக்கவில்லை. 5-எச்டி1ஏயைத் தூண்டும் சாரிசோட்டன் என்ற மருந்து பெரிய சோதனைகளில் வெற்று மாத்திரையைவிட மேலானதென நிரூபணமாகவில்லை. இரு வாங்கிகளையும் தொடும் எல்டோபிரசீன் 2015இல் 22 நோயாளிகள் கொண்ட சிறிய சோதனையில் நெளிவைக் குறைத்தது, எல்-டோபாவின் பயனையும் கெடுக்கவில்லை. இடையூறு எங்கே என்றால், 5-எச்டி1ஏ ரஃபேயில் மட்டும் இல்லை. முன்மூளையெங்கும் அது பரந்து கிடக்கிறது. வாய்வழி போன மாத்திரை, வாடன்பெர்க்கின் ஊசியைப்போல் நடு ரஃபேயில் மட்டும் இறங்குவதில்லை. எல்லா வாங்கிகளையும் ஒருங்கே தட்டினால் எல்-டோபா தந்த நடையே மங்கிவிடக்கூடும். எனவே ஒரே வாங்கியில் ஒட்டினாலும் ரஃபேயில் ஒரு விதமாகவும் முன்மூளையில் இன்னொரு விதமாகவும் செயற்படும் மூலக்கூறுகளை இப்போது தேடுகிறார்கள். அவற்றின் முதற்சோதனையும் எலிகளில்தான் நடந்தது.